என் தொலைபேசியில் இருக்கும் உன் குரல்

மகன்,

நாளை பின்னேரம் வாழைச்சேனையில் இறங்கி, உன் அறைக்குப் போய்ப் பையைத் திறக்கும்போது இந்தக் கடிதம் நீ உடுக்கும் சாரத்துக்கு அடியில் இருக்கும். நீ இப்போது முடி வெட்டப் போயிருக்கிறாய். புதன்கிழமை விசாரணைக்கு ஒழுங்கான ஆளாகப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும் என்று குசினி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் நேருக்கு நேர் கதைக்கத் தெரியாத ஆள் என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நூலகத்தில் வேலை செய்கிறேன், "சத்தம் போடவேண்டாம்" என்பதைக்கூட ஒரு பலகையில் எழுதித்தான் வைத்திருக்கிறேன். யாராவது சத்தம் போட்டால் அந்தப் பலகையைப் பார்ப்பேன். அவர்களும் பார்ப்பார்கள். அவ்வளவுதான் என் அதிகாரம்.

உன் அலுவலகம் அனுப்பிய கடிதத்தை நீ எனக்குக் காட்டினாய். "சக உத்தியோகத்தர் ஒருவரைப் பற்றி இழிவான சொற்களைப் பயன்படுத்தியமை" என்று அதில் இருந்தது. அந்தச் சொற்கள் என்னவென்று அதில் இல்லை. உன் சித்தப்பாவும் கேட்கவில்லை. கட்டாரிலிருந்து உன் அப்பா போனில் பேசியபோதும் "என்னவோ வாய்த்தர்க்கமாம்" என்றுதான் நீ சொன்னாய். இத்தனை பேர் இத்தனை நாளாகப் பேசும் விடயத்தில் அந்தச் சொற்களை மட்டும் எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நான் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். முதலில், அந்தச் சக உத்தியோகத்தர் தர்மினி கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதைப் போல வாசித்தாய். ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் மூச்சை இழுத்துக்கொள்வதை அப்படியே செய்தாய். பிறகு உன் சொந்தக் குரலில், "வாகரைக் காட்டிலயிருந்து வேடச்சியக் கூட்டி வந்து கம்பியூட்டருக்கு முன்னால இருத்தினா இப்படித்தான். நாளைக்கு உடும்பு சுட்டுக்கொண்டு வந்து மேசையில வைப்பாவு, எல்லாரும் பங்கு கேளுங்கடா" என்றாய். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும்.

இதை நீ உன் கூட்டாளிகள் மூன்று பேருக்குக் குரல்பதிவாக அனுப்பினாய். அவர்களில் ஒருவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் போட்டுக் காட்டியபோது, தர்மினி தன் சாப்பாட்டுப் பெட்டியோடு கதவடியில் நின்றாள். அவள் முறைப்பாடு செய்தாள். நீங்கள் நான்கு பேரும் அன்றே அந்தப் பதிவை அழித்துவிட்டீர்கள். ஏதோ ஒரு பகிடி வீடியோவைத்தான் போட்டோம், அந்தப் பிள்ளை தவறாக விளங்கிக்கொண்டது என்று நால்வரும் ஒரே மாதிரிச் சொல்லப் போகிறீர்கள். இன்னும் இரண்டு மாதத்தில் உன் வேலை நிரந்தரமாகவேண்டும். அதற்கு முன் குற்றம் உறுதியானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் எனக்கும் உண்டு. நம் வீட்டில் அலுவலக மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நானும் நீயும்தான்.

ஆனால் அழியாத பதிவு ஒன்று இருக்கிறது. கூட்டாளிகளுக்கு அனுப்பிய அதே நேரம் எனக்கும் அனுப்பியிருந்தாய். கூடவே, "அம்மா இதக் கேளுங்க, உங்களப் போலயே செய்திருக்கன்" என்று எழுதியிருந்தாய். நான் நூலகத்தின் பின்கட்டில் நின்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தேன் மகன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் மூன்றை உனக்குப் பதிலாக அனுப்பினேன். அவை இன்னும் அந்தப் பதிவுக்குக் கீழே இருக்கின்றன. போன கிழமை நீ போன் எடுத்து, "அம்மா, அத அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டபோது "ஓம், பாக்கிறன்" என்றேன். அழிக்கவில்லை.

நீ பேசியது எங்கிருந்து வந்தது என்று உன் சித்தப்பா தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எங்கட வீட்டில ஆரும் இப்படிக் கதைக்கிறல்லயே" என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் அறியாதது உனக்குத் தெரியும். வெளியில் வாய் திறக்காத நான் இந்தக் குசினிக்குள் வேறு ஆள். கிராம சேவகர் கையெழுத்து வைக்குமுன் பேனையை உதறுவது, பக்கத்து வீட்டு அக்கா கடன் கேட்க வந்து அரை மணித்தியாலம் வெயிலைப் பற்றிப் பேசுவது, எல்லாவற்றையும் உனக்குச் செய்து காட்டுவேன். நீ அந்த அம்மிக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவாய். "இன்னொருக்கா அம்மா, இன்னொருக்கா!" பகல் முழுவதும் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த நேரத்தில் வெளியே வரும். உனக்குச் சோறு ஊட்டியதைவிட அந்தச் சிரிப்பை ஊட்டியதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் துணி கொண்டுவருவாரே, நானா என்று கூப்பிடுவோம், அவரை நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் சீலையை விரித்து முழங்கையால் அளப்பதையும், ஒவ்வொரு விலைக்கும் முன் "அல்லாவுக்காகச் சொல்றன் தங்கச்சி" என்பதையும் நான் உனக்குச் செய்து காட்டியிருந்தேன். ஒரு நாள் அவர் விறாந்தையில் மூட்டையைப் பிரிக்கும்போது, நீ அவருக்கு முன்னால் நின்று ஒன்றுவிடாமல் செய்தாய். அவர் கைகள் அப்படியே நின்றன. பிறகு சிரித்தார். "புள்ள நல்ல கெட்டிக்காரன் தங்கச்சி. கடையில விட்டா என்ட யாவாரத்த இவன் புடிச்சிருவான்" என்று சொல்லி உனக்கு ஒரு டொபி தந்தார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன்னைக் கண்டித்தால், யாரிடம் படித்தாய் என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பிறகு அவர் நம் தெருவுக்கு வந்தார், நம் படலையைத் தாண்டிப் போனார். "நானா ஏன் வாறல்ல?" என்று நீ கேட்டதற்கு, "சீலை முடிஞ்சிருக்கும்" என்றேன். அன்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் பழையது ஒன்று இருக்கிறது. இதை உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. நான் படுவான்கரைக்காரி என்பது உனக்குத் தெரியும். வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் படுகிற கரை. எங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்குப் போன முதல் ஆள் நான். பாதை என்று நாங்கள் சொல்லும் அந்தத் தட்டைப் படகில் ஏறி, குருக்கள்மடத்தில் இறங்கி, பஸ் பிடிக்கவேண்டும். பாதை வாவியைக் கடந்து முடிக்கும்வரை ஒரு ஓரத்தில் நின்று, விரிவுரையாளர் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது, விடுதிப் பொறுப்பாளரிடம் எப்படி அறைக் கதவின் திறப்பைக் கேட்பது என்று வசனம் வசனமாகச் சொல்லிப் பார்ப்பேன். எங்கள் பேச்சு மற்றவர்களுக்குச் சிரிப்பு என்று முதல் கிழமையே விளங்கிவிட்டது. பிறகு என்பதை நாங்கள் மறுகா என்போம். நான் "மறுகா என்ன நடந்த?" என்று ஒருத்தியிடம் கேட்டேன். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் அதை என்னைப் போலவே சொல்லிக் காட்டினாள். "மாடு மேய்ச்சு முடிஞ்சி மறுகா படிக்க வந்தியாகா?" என்றாள் இன்னொருத்தி. மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தத் தவணை முழுவதும் ஓம், இல்லை, தெரியாது என்ற மூன்று சொற்களோடு இருந்தேன்.

அதிலிருந்து நான் எப்படித் தப்பினேன் என்பதுதான் நான் மறைத்தது. எங்கள் விடுதி அறையில் கல்குடாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கடற்தொழில் செய்யும் குடும்பம். விரிவுரைக்குப் போகுமுன் அவள் ஒருவருக்கும் தெரியாமல் தன் சட்டைக் கையை மணந்து பார்ப்பாள். மீன் மணம் வருகிறதா என்று அவளுக்குப் பயம். ஒருவரும் கவனிக்காத அதை நான் கவனித்தேன். பேசாமல் இருப்பவர்களுக்குக் கண் கூர்மை. ஒரு நாள் அதே சாப்பாட்டு மேசையில் நான் எழும்பிக் கதவடிக்குப் போய், அங்குமிங்கும் கிறுகிப் பார்த்துவிட்டு, என் சட்டைக் கையை மணந்து காட்டினேன். முதலில் இந்தக் கை, பிறகு அந்தக் கை. ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். என்னை மாடு மேய்த்தவள் என்றவள்தான் எனக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள். அன்றிலிருந்து எனக்கு அங்கே ஒரு இருக்கை இருந்தது. கல்குடாப் பிள்ளை அடுத்த கிழமை வேறு அறைக்கு மாறினாள். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உனக்கு நான் என்ன செஞ்சனான்?" அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பரீட்சைக் காலத்தில் தன் குறிப்புகளை எனக்குத் தந்திருந்தாள்.

போன ஞாயிறு நாம் வாகரைக்கு, தர்மினியின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கும் எங்கள் பக்கத்து முறைப்படி போனோம். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் உள்ளே போய் இருக்க, பிழை விட்டவன் கூப்பிடும்வரை படலைக்கு வெளியே நிற்கவேண்டும். தட்டை அந்த வீட்டார் உள்ளே எடுத்துக்கொண்டு போனால் விடயம் முடிந்தது. நீ வெளியே ஆட்டோவில் இருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று சித்தப்பா சொன்னதுதான் உனக்குத் தெரியும். "பிள்ள இளகிட்டுது, திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து வைக்கும்" என்றார் அவர். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

அது சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. முன்னறையில் உட்கார ஒரு நீள மர வாங்கும் இரண்டு கதிரைகளும் இருந்தன. தர்மினியின் தாய் தட்டைக் கையில் வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சித்தப்பா அதை வாங்கின் ஓரத்தில் வைத்தார். தாய் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். "குடிங்க, ஆறுது. தூரத்தால வந்திருக்கீங்க. கோவத்துக்கும் தேத்தண்ணிக்கும் என்ன?" என்றார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "மகள், பொடியன் ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டான். உங்கட அண்ணன் மாதிரி நினைச்சுக்கங்க" என்றார். தர்மினி சுவரோடு சாய்ந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "வாய் தவறினா ஒரு சொல்லுத்தான் தவறும் அங்கிள். அது ஒரு நிமிசத்துக்கு மேல ஓடிச்சு" என்றாள். சித்தப்பா தான் தட்டச்சு செய்து கொண்டுபோன தாளை எடுத்து நீட்டினார். இருவருக்கும் இடையில் ஏற்பட்ட கருத்து முரண்பாடு சுமுகமாகத் தீர்ந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தார். அவள் அதை வாசித்துவிட்டு, "கருத்து முரண்பாடா? எனக்கு என்ன கருத்து இருந்திச்சு அதில?" என்று கேட்டாள். தாய் மட்டும், "மளே, பெரியாக்களோட அப்படிக் கதைக்காத" என்றார்.

நான் அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு கொப்பி விரித்தபடி இருந்தது. உங்கள் மாதாந்த அறிக்கையை அவள் கையால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். மீனவர் சங்கம், வலை விநியோகம், பயனாளிகள் என்று வரிகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிவப்புப் பேனையால் ஒரு சிறு கோடு. எங்கே நிறுத்தி மூச்செடுக்க வேண்டும் என்று அடையாளம் வைத்திருக்கிறாள். நீ செய்து காட்டியது அந்த மூச்சைத்தான். அவள் வாழைச்சேனைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் வாசிப்பதற்காக அந்த ஜன்னலடியில் எத்தனை நாள் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். என் ஜன்னல் வாவிக்கு நடுவில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நீங்க அதக் கேட்டீங்களா? அவர் கதைச்சத?" என்றாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல மகள், நான் கேக்கல்ல. அவன் அப்படிக் கதைக்கிற பிள்ளை இல்ல" என்றேன். அவளும் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். பிறகு, "சரி, யோசிச்சுச் சொல்றன்" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். அதைத்தான் சித்தப்பா இளகியது என்று சொன்னார். நாங்கள் எழும்பும்போதும் வாழைப்பழத் தட்டு வாங்கின் ஓரத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆட்டோவில் நீ, "என்னம்மா சொன்னாவு?" என்று கேட்டாய். நான் தலைவலி என்றேன்.

நேற்று நூலகத்தின் பின்கட்டில் நின்று அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டேன். அழிப்பதற்காகத்தான் எடுத்தேன். முழுக்கக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அதில் உன் குரல் எங்கே, தர்மினியின் குரல் எங்கே, என் குரல் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. மூச்சை இழுக்குமுன் ஒரு கணம் கண்ணை மூடுவதுபோல் நிறுத்துகிறாயே, அது நான் உனக்குக் குசினியில் சொல்லித் தந்தது. "அவசரப்படாத மனே, ஆக்கள் காத்திருக்கணும், அப்பதான் சிரிப்பாங்க" என்று சொன்னது நான். வேடச்சி என்று சொன்னது நீ. அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் நீ சொன்னதைக் கேட்டு மூன்று முகங்களை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை உனக்கு மறைக்கக்கூடாது. சித்தப்பாவின் போனிலிருந்து தர்மினியின் இலக்கத்தை எடுத்து வைத்திருந்தேன். அவளுக்கு எழுதினேன்: "மகள், நான் உங்கட வீட்டில இருந்து பொய் சொன்னன். என்ட மகன் பேசினத நான் கேட்டிருக்கிறன். கேட்டுச் சிரிச்சும் இருக்கிறன். என்னை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம்." பதில் வரும்வரை புத்தகங்களை அடுக்கினேன், அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன். பின்னேரம் பதில் வந்தது. "தெரியும் அன்ரி. நீங்க கோப்பையப் பாத்துக்கொண்டு சொன்னீங்க. நான் கையெழுத்து வைக்கல்ல" என்று எழுதியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "அவருக்கு வேலை போகணும் எண்டு நான் கேக்கல்ல. என்ட காதால கேட்டது பொய் இல்ல எண்டு ஒராள் சொல்லணும். அங்க எல்லாரும் என்னப் பைத்தியக்காரி போல பாக்கிறாங்க."

இதை வாசித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அம்மா தன் பிள்ளையை விட்டுவிட்டு ஊரார் பிள்ளைக்கு நின்றாள் என்று நினைப்பாய். நான் உன்னை விடவில்லை. அந்தப் பதிவை அவளுக்கும் அனுப்பவில்லை, உன் அலுவலகத்துக்கும் அனுப்பவில்லை. அது உன் குரல், அதை எடுத்துக்கொடுக்க வேண்டியவன் நீ. நாளை நீ பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது அதை உன் போனுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். என் சிரிப்பு முகங்களையும் அழிக்காமல் அப்படியே படம் எடுத்து அனுப்புவேன். புதன்கிழமை விசாரணை மேசையில் மூன்று பேர் இருந்து, நீ என்ன சொன்னாய் என்று கேட்பார்கள். பகிடி வீடியோ என்று சொல்லலாம், உன் கூட்டாளிகள் தலையாட்டுவார்கள், உன் வேலையும் நிரந்தரமாகலாம். தர்மினி அதற்குப் பிறகும் அதே அறைக்குள் வந்து, சிவப்புக் கோடு போட்ட தாளை எடுத்து உங்களுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். அதை ஒரு தடவை நினைத்துப் பார். அல்லது போனை எடுத்து மேசையில் வைத்துப் போட்டுக் காட்டலாம். யாரிடம் படித்தாய் என்று கேட்டால் என்னைச் சொல். எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது, ஆனாலும் சொல். எழுதித் தரச் சொன்னால் நான் எழுதித் தருவேன், எழுத எனக்குப் பயமில்லை.

வேலை போனால் நான் உன்னைத் தாங்குவேன். பெரிய வசனம் எதுவும் சொல்லவில்லை, இந்த வீடு இருக்கிறது, என் சம்பளம் இருக்கிறது, நீ படித்தவன், வேறு வேலை தேடுவாய். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். போனில் கதைக்க என்னால் முடியாவிட்டால் அவருக்கும் இப்படி ஒன்று எழுதுவேன். கல்குடாப் பிள்ளைக்கு மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அவள் இருக்கிறாளா, அந்த அலைக்குப் பிறகு எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தும் பார்க்கவில்லை, பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம். உனக்குத் தர்மினியின் மேசை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

படலை சத்தம் கேட்கிறது. நீ வந்துவிட்டாய். "அம்மா, எப்படி வெட்டியிருக்கான் பாருங்க, நெல்லு வெட்டின மாதிரி" என்று முற்றத்தில் நின்று கத்துகிறாய். இதை மடித்து வைக்கவேண்டும். புதன்கிழமை முதல் பஸ்ஸில் நான் வாழைச்சேனைக்கு வருகிறேன். உள்ளே வரமாட்டேன், வந்தாலும் எனக்குப் பேச்சு வராது. உன் அலுவலகத்துக்கு முன்னால் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் இருப்பேன். விசாரணை முடிந்ததும் அங்கே வா. உள்ளே என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று எனக்குச் சொல். அந்த மூன்று பேர் எப்படி இருமினார்கள், எப்படிக் கண்ணாடியைத் துடைத்தார்கள் என்றெல்லாம் செய்து காட்ட வேண்டாம். உன் குரலில் மட்டும் சொல். கோப்பையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா